‘இன்னிக்கு இல்லைங்க’ என்று சொல்கிற உணவகம்

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி ஏழரை இருக்கும். வாசலில் பெயர் எழுதிக்கொள்ளும் பெண் நோட்டைப் புரட்டி, எங்களுக்கு முன்னால் இருந்த பெயர்களை விரலால் எண்ணிவிட்டு, “அரை மணி நேரம் ஆகும், பரவாயில்லையா அக்கா?” என்று கேட்டாள். பரவாயில்லை என்றேன். அந்தக் காத்திருப்பு எனக்குப் பிடிக்கும். வெளியே போட்டிருக்கும் மர பெஞ்சில் உட்கார்ந்தால் உள்ளே மாட்டியிருக்கும் கரும்பலகை முழுதாகத் தெரியும். அன்றைக்கு வந்த மீன்களின் பெயர்கள் அதில் சாக்பீஸால் எழுதப்பட்டிருக்கும். சமையலறைக் கதவைத் தள்ளிக்கொண்டு யாராவது வருவார்கள், ஒரு வரியின் மேல் கோடு இழுப்பார்கள், திரும்ப உள்ளே போய்விடுவார்கள். எங்கள் முறை வருவதற்குள் நான்கு வரிகள் போய்விட்டன. அதில் ஒன்று, என் தங்கை காலையிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்த மீன்.

“போச்சு,” என்றாள்.

இந்த உணவகத்தைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். பெயரும் இடமும் இந்தக் கட்டுரைக்குத் தேவையில்லை. கடல் மீன் வந்து இறங்கும் எந்த ஊரிலும் இப்படி ஒன்றாவது இருக்கும். பிளாஸ்டிக் நாற்காலிகள், துடைத்துத் துடைத்து மங்கிப்போன மேசைகள், கை கழுவும் இடத்தில் எப்போதும் நான்கு பேர், பக்கத்து மேசையில் பேசுவது நம் மேசையில் பேசுவதைவிடத் தெளிவாகக் கேட்கும் இரைச்சல். வேலை முடிந்து அப்படியே வருகிறவர்கள், மூன்று தலைமுறையாக வருகிற குடும்பங்கள், பிறந்தநாள் கொண்டாடுகிற கல்லூரிப் பிள்ளைகள் எல்லோரும் ஒரே வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். யாரும் யாருடைய கையையும் வாயையும் பார்ப்பதில்லை. முள் எடுத்துச் சாப்பிடுகிற சாப்பாட்டுக்கு அந்தச் சுதந்திரம் வேண்டும்.

ஒரு மீன் உணவகம் எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ள நான் முதலில் பார்ப்பது ருசியை இல்லை. அங்கே பரிமாறுகிறவர்கள் எத்தனை தடவை ‘இல்லை’ என்று சொல்கிறார்கள் என்பதைத்தான் பார்க்கிறேன். இந்தப் பழக்கம் எனக்கு வந்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன் மீனைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும்.

ஆட்டிறைச்சியும் கோழியும் குளிர்பெட்டியில் ஓரிரு நாள் நிம்மதியாக இருக்கும். மீன் அந்த அளவுக்குத் தாங்காது. ஆடும் கோழியும் சூடான உடம்புள்ள பிராணிகள். அவற்றின் தசையில் உள்ள நொதிகளும், அவற்றோடு வாழ்கிற பாக்டீரியாக்களும் 40 டிகிரியை ஒட்டிய சூட்டுக்குப் பழகியவை. 4 டிகிரியில் வைத்தால் அவற்றின் வேலை ஏறக்குறைய நின்றுவிடும். மீனோ குளிர்ந்த தண்ணீரிலேயே வாழ்ந்தது. அதன் உடம்பில் உள்ளவை குளிரிலும் சுறுசுறுப்பாக வேலை செய்யும். அதனால்தான் மீனைக் குளிர்பெட்டியில் வெறுமனே வைக்காமல், உருகிக்கொண்டே இருக்கும் பனிக்கட்டிக்குள் 0 டிகிரியில் புதைத்து வைக்கிறார்கள். வெப்பக் கடல் மீன்கள் பனிக்கட்டியில் கூடுதல் நாள் தாங்குவதற்கும் இதே கணக்குத்தான் காரணம். அவற்றுக்கு அந்தக் குளிர் பழக்கமில்லை.

அப்புறம் அந்தக் கவிச்சி வாடை. கடலுப்பைச் சமாளிப்பதற்காகக் கடல் மீன்கள் தம் செல்களில் ட்ரைமெத்திலமைன் ஆக்சைடு என்ற பொருளைச் சேர்த்து வைத்திருக்கின்றன. அதற்கு வாசனையே கிடையாது. மீன் செத்த பிறகு பாக்டீரியாக்கள் அதை ட்ரைமெத்திலமைனாக மாற்றும்போதுதான் நமக்குத் தெரிந்த அந்த நாற்றம் கிளம்புகிறது. ஆற்று மீனில் இந்தப் பொருள் மிகக் குறைவு என்பதால் அதன் வாடை வேறு மாதிரி இருக்கும். எலுமிச்சை பிழிந்தால் நாற்றம் அடங்குவது ஏன் என்று பல நாள் யோசித்திருக்கிறேன். அதன் அமிலம் இந்தச் சேர்மத்தோடு கூடி, அதைக் காற்றில் பறக்காத உப்பாக மாற்றிவிடுகிறது. அன்று வந்த மீனுக்கு எலுமிச்சை ருசிக்காக மட்டும் போதும். கேட்காமலேயே இரண்டு மூன்று துண்டுகளை மேலே பிழிந்து, மசாலாவைக் கனமாகப் பூசிக் கொண்டுவந்தால், நான் அந்த மீனை ஒரு முறை கிட்டே வைத்து முகர்ந்து பார்ப்பேன்.

இதனால்தான் கூட்டம் வருகிற இடம் எனக்குப் பிடிக்கிறது. கூட்டம் உள்ள கடையில் மீன் தங்குவதில்லை. காலையில் இறங்கியது இரவு பத்து மணிக்குள் தட்டுக்குப் போய்விடும். ஆள் வராத கடையில், எவ்வளவு நல்ல சமையல்காரர் இருந்தாலும், மீன் அவருக்காகக் காத்திருந்துதான் ஆக வேண்டும். ஆனால் கூட்டம் மட்டும் போதாது. அறுபது வகை மீன் உணவுகளை அச்சடித்து, பிளாஸ்டிக் உறை போட்டு, எந்த நாளில் எதைக் கேட்டாலும் ‘இருக்கு’ என்று சொல்கிற கூட்டமான கடைகளும் உண்டு. காற்று மாறும், நிலவு மாறும், பருவம் மாறும். படகுக்கு ஒரு நாள் கிடைப்பது மறுநாள் கிடைக்காது. அறுபதும் தினமும் இருக்கிறது என்றால், அதில் பெரும்பகுதி ஃப்ரீசரிலிருந்து வருகிறது என்றுதான் அர்த்தம்.

ஃப்ரீசர் என்றதும் முகம் சுளிக்க வேண்டியதில்லை. 1910-களில் கனடாவின் லாப்ரடார் பகுதியில் இருந்தபோது, கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ என்ற அமெரிக்கர் அங்குள்ள இனுயிட் மக்கள் மீன் பிடிப்பதைக் கவனித்தார். கடுங்குளிர்க் காற்றில் மீன் வெளியே வந்த வேகத்திலேயே உறைந்துபோனது. மாதங்கள் கழித்துச் சமைத்தபோதும் புதிது போலவே இருந்தது. மெதுவாக உறைந்தால் தசைக்குள் பெரிய பனிப்படிகங்கள் உருவாகிச் செல்களைக் கிழிக்கும்; சட்டென்று உறைந்தால் படிகங்கள் சிறியவையாக இருக்கும், தசை கெடாது. இதை வைத்து 1920-களில் அவர் உருவாக்கிய விரைவு உறைய வைக்கும் முறைதான் இன்றைய உறை மீன் வணிகத்துக்கு அடிப்படை. படகிலேயே உறைய வைத்த மீன், ‘ஃப்ரெஷ்’ என்ற பெயரில் பல நாள் பனிக்கட்டியில் கிடந்து வந்த மீனைவிட நன்றாகவே இருக்கும். கணவாய் உறைய வைத்தால் கெடுவதில்லை. கொஞ்சம் மிருதுவாகக்கூட ஆகிறது. எனக்கு வேண்டியதெல்லாம் எது எது என்று சொல்லிவிட வேண்டும் என்பதுதான். நான் சொல்லும் உணவகத்தில் கரும்பலகையில் கணவாய்க்குப் பக்கத்தில் ‘ஃப்ரீசர்’ என்று சின்னதாக எழுதியிருக்கும். இறாலுக்குப் பக்கத்தில் ‘வளர்ப்பு’ என்று இருக்கும். அதை முதல் முறை பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட மரியாதை இன்னும் குறையவில்லை.

சரி, என் தங்கையின் விஷயத்துக்கு வருகிறேன்.

சின்ன வயதில் இறாலையும் நண்டையும் எங்கள் வீட்டில் அவளைப்போல் விரும்பிச் சாப்பிட்டவர்கள் யாருமில்லை. இருபத்தாறு வயதில் ஒருநாள் இறால் சாப்பிட்டுக்கொண்டிருந்தவள், உதடு ஊறுகிறது என்றாள். பத்து நிமிடத்தில் கழுத்தெல்லாம் தடிப்பு. இவ்வளவு நாள் சாப்பிட்டதற்கு இப்போது எப்படி ஒவ்வாமை வரும் என்று நாங்கள் நம்பவில்லை. பால், முட்டை ஒவ்வாமை போல இது குழந்தைப் பருவத்திலேயே தெரிந்துவிட வேண்டும் என்பதில்லை, ஓட்டுடலிகளின் ஒவ்வாமை பலருக்கு வளர்ந்த பிறகுதான் தொடங்கும் என்று மருத்துவர் விளக்கினார். இறால், நண்டு, சிங்கி இறால் ஆகியவற்றின் தசையில் ட்ரோபோமயோசின் என்ற புரதம் இருக்கிறது. அவள் உடம்பு அதைத்தான் எதிரியாக நினைத்துவிட்டது. வேகவைத்தாலும் பொரித்தாலும் அந்தப் புரதம் அழியாது. வீட்டுத் தூசியில் வாழும் சிற்றுண்ணிகளிலும் கரப்பான்பூச்சியிலும் அதைப் போன்ற புரதமே இருக்கிறது என்று அவர் சொன்னபோது, வருடக்கணக்காக அவளுக்கு இருந்த தூசித் தும்மல் எனக்கு நினைவுக்கு வந்தது. சிப்பி, கணவாய் வகைகளிலும் அது உண்டு என்பதால் அவற்றையும் விட்டுவிடச் சொன்னார்.

மீன் மட்டும் அவளுக்கு மிஞ்சியது. மீன் ஒவ்வாமையை உண்டாக்குவது பெரும்பாலும் பார்வல்புமின் என்ற வேறு புரதம். அவளுக்கு அதனால் தொல்லை இல்லை என்று சோதனையில் தெரிந்தது. ‘அது போதும் எனக்கு’ என்று அவள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

அதன் பிறகு ஒரு மீன் உணவகத்துக்குப் போனோம். பெயர் சொல்லவில்லை. நல்ல கூட்டம், நல்ல வெளிச்சம். உட்கார்ந்ததும் அவள் நிலைமையைச் சொல்லி, பொரித்த மீன் சாப்பிடலாமா என்று கேட்டேன். பரிமாறிய இளைஞர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. “ஒண்ணும் ஆகாது மேடம், மீன்ல இறால் எங்க இருந்து வரும்?” என்றார். எண்ணெயில் இருந்து வந்தது. இறால் பொரித்த அதே எண்ணெயில்தான் மீனும் பொரிந்திருந்தது. நான்கைந்து வாய்தான் சாப்பிட்டிருப்பாள். குரல் மாறியது. என்னைப் பார்த்துத் தொண்டையைத் தொட்டுக் காட்டினாள். அவள் பையில் எபிநெஃப்ரின் ஊசி இருந்தது. தொடையில் குத்துவதற்கு என் கை நடுங்கியது இப்போது எழுதும்போதும் நினைவில் இருக்கிறது. ஊசி போட்டதும் மூச்சு சீரானது. இருந்தாலும் மருத்துவமனைக்குப் போனோம். சில மணி நேரம் கழித்து இரண்டாம் முறை அது கிளம்பக்கூடும் என்பதால் அங்கேயே வைத்துக் கவனிப்பார்கள்.

அந்த இளைஞர் மீது எனக்குக் கோபம் தங்கவில்லை. அவருக்கு யாரும் எதையும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. மேசைக்கு வருகிறவர் எதைக் கேட்டாலும் ‘ஆமாம்’ என்று சொல்லி அனுப்ப வேண்டும் என்பதுதான் அவருக்குக் கற்றுக்கொடுத்த வேலை. என் கோபம் அந்தப் பழக்கத்தின் மேல்தான்.

இரண்டு வருடம் அவள் வெளியில் மீன் சாப்பிடவே இல்லை. அப்புறம் ஒருநாள் நான்தான் வற்புறுத்தி இந்த உணவகத்துக்குக் கூட்டி வந்தேன். அதற்கு முன் நண்பர்களோடு நான்கைந்து முறை வந்திருந்ததால் கரும்பலகையைத் தெரியும். எங்களிடம் வந்தவருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். சட்டைப்பையில் இரண்டு பேனா, தோளில் துண்டு. நான் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் கேட்டார். “இருங்கம்மா, உள்ள கேட்டுட்டு வர்றேன்,” என்று போனார். அவ்வளவு கூட்டத்தில் அவர் திரும்பி வர ஐந்து நிமிடம் ஆனது.

“பொரிச்சது எதுவும் வேண்டாம்மா. இறாலும் மீனும் ஒரே சட்டிதான். கிரில்லும் வேண்டாம், அதே கம்பியிலதான் நண்டும் சுடுறோம். சாஸ்ல சிப்பிச் சாறு இருக்கு, அதுவும் ஆகாது. தனிப் பாத்திரத்துல ஆவில வேக வைச்சுத் தரலாம். உப்பு, பூண்டு, எலுமிச்சை, வேற ஒண்ணும் போட மாட்டோம். சம்மதம்னா சொல்லுங்க.”

அதோடு நிற்கவில்லை. சமையலறைக் கதவுக்குப் பக்கத்தில் இருந்த எங்களை எழுப்பி, ஓரமாக இருந்த மேசைக்கு மாற்றினார். கதவு திறக்கும்போதெல்லாம் நண்டு வேகும் ஆவி வெளியே வருகிறது, சில பேருக்கு அதுவே ஒத்துக்கொள்ளாது என்றார். அது உண்மை. கொதிக்கும் ஆவியோடு அந்தப் புரதம் காற்றில் கலந்து வரக்கூடும். அதை நான் படித்துத் தெரிந்துகொண்டிருந்தேன். அவர் தன் வேலையில் பார்த்துத் தெரிந்துகொண்டிருந்தார். அவர் எங்களுக்குச் சொன்ன நான்கு ‘வேண்டாம்’களைக் கேட்ட பிறகுதான் என் தங்கை இரண்டு வருடத்தில் முதல் முறையாக ஒரு மீன் உணவகத்தில் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

ஒவ்வாமை உள்ளவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு விஷயம். ‘நண்டுக் குச்சி’ என்று விற்பது பெரும்பாலும் வெள்ளை மீனை அரைத்துச் செய்தது. நண்டே இல்லை என்று நினைத்துச் சாப்பிட்டுவிடாதீர்கள். வாசனைக்காக உண்மையான நண்டின் சாறு சேர்த்திருப்பார்கள். உறையைப் படியுங்கள், அல்லது சமைத்தவரைக் கேளுங்கள்.

எனக்கும் ஒருமுறை ஆனது. வேறொரு கடையில் சுட்ட சூரை மீன் சாப்பிட்டேன். நாக்கில் மிளகு மாதிரி ஒரு எரிச்சல். மசாலா என்று நினைத்தேன். அரை மணி நேரத்தில் முகம் சிவந்து, தலை வலித்து, நெஞ்சு படபடத்தது. தங்கைக்கு வந்தது எனக்கும் வந்துவிட்டது, இனி மீனும் போச்சு என்று மருத்துவரிடம் போகும் வழியெல்லாம் அழுதுகொண்டு போனேன். அவர் என்ன சாப்பிட்டேன் என்று கேட்டுவிட்டு, இது ஒவ்வாமையே இல்லை என்றார். சூரை, கானாங்கெளுத்தி போன்ற மீன்களின் தசையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் நிறைய உண்டு. பிடித்த பிறகு சரியாகக் குளிரவைக்காமல் விட்டால் பாக்டீரியாக்கள் அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். ஒவ்வாமையின்போது நம் உடம்பே வெளியிடுகிற அதே பொருளைத்தான் நான் மீனிலிருந்து நேரடியாக விழுங்கியிருந்தேன். சமைத்தாலும் உறைய வைத்தாலும் அது போகாது. மீனைப் பார்த்தோ முகர்ந்தோ கண்டுபிடிக்கவும் முடியாது. படகிலோ, வண்டியிலோ, கடையிலோ எங்கோ சில மணி நேரம் பனிக்கட்டி போதாமல் போயிருக்கிறது. அந்தச் சங்கிலியில் எல்லோரும் கடைசி ஆளிடம் ‘சரியாத்தான் இருக்கு’ என்று சொல்லியிருப்பார்கள். யாராவது ஒருவர் ‘இது வேண்டாம்’ என்று தூக்கிப் போட்டிருக்கலாம்.

சாப்பிடுகிறவருக்குத் தன் தட்டில் இருப்பது என்ன மீன் என்பதே தெரியாமல் போவதும் உண்டு. தோல் உரித்து, முள் எடுத்து, துண்டாக்கிய பிறகு ஒரு வெள்ளை மீனுக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம் சொல்வது கடினம். ஓசியானா என்ற கடல் பாதுகாப்பு அமைப்பு 2010 முதல் 2012 வரை அமெரிக்காவில் கடைகளிலும் உணவகங்களிலும் வாங்கிய 1,215 மாதிரிகளை மரபணுச் சோதனைக்கு அனுப்பியது. மூன்றில் ஒரு பங்கு வேறு பெயரில் விற்கப்பட்டிருந்தது. நம் சங்கராவின் உறவான ‘ரெட் ஸ்னாப்பர்’ என்று சொல்லி விற்ற 120 மாதிரிகளில் ஏழு மட்டுமே உண்மையில் அந்த மீன். நல்ல பெயருக்குத்தான் மதிப்பு என்பது வியாபாரத்துக்குத் தெரியும். தென்முனைக் குளிர்கடலில் வாழும் ‘படகோனிய பல்மீன்’ என்ற மீனுக்கு 1977-இல் லீ லான்ட்ஸ் என்ற அமெரிக்க மீன் வணிகர் ‘சிலியன் சீ பாஸ்’ என்று பெயர் வைத்தார். அது பாஸ் இனமே இல்லை. ஆனால் அந்தப் பெயரில்தான் உலகம் முழுக்க உணவகங்களில் ஏறியது. தன் தட்டில் இருப்பது எது என்று தெரியாமல் சாப்பிடவே கூடாத ஒருத்தியோடு சாப்பிடப் போகிறவள் என்பதால், இந்த விஷயத்தில் எனக்குப் பொறுமை குறைவு. முழு மீனாகக் கிடைத்தால் முழு மீனாகவே கேட்பேன். தலையும் செவுளும் கண்ணும் இருந்தால் அதன் பெயரை மாற்ற முடியாது.

கடலே ‘இல்லை’ என்று சொன்னதும் நடந்திருக்கிறது. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கரையோரம் ஐந்து நூற்றாண்டுகளாகக் காட் மீனுக்குப் பேர் போனது. பெரிய இழுவைக் கப்பல்கள் வந்த பிறகு பிடிப்பு ஏறிக்கொண்டே போனது. மீன் குறைந்துகொண்டே வந்தது. 1992 ஜூலையில் கனடா அரசு அங்கே காட் பிடிக்கத் தடை போட்டபோது ஏறத்தாழ 30,000 பேர் வேலையை இழந்தார்கள். சில வருடங்களுக்கு என்று போட்ட தடை, 2024-இல்தான் விலக்கப்பட்டது. எப்போது கேட்டாலும் ‘இருக்கு’ என்று வந்துகொண்டிருந்த மீன் அது. இன்று உலகில் கிடைக்கும் நீர்வாழ் உயிரின உணவில் பண்ணையில் வளர்ப்பதன் பங்கு, கடலிலும் ஆற்றிலும் பிடிப்பதன் பங்கைத் தாண்டிவிட்டது. 2022-இல்தான் அது முதல்முறையாக நடந்தது. அந்த ஆண்டு வளர்ப்பின் பங்கு 51 சதவீதம் என்கிறது ஐக்கிய நாடுகளின் உணவு, வேளாண் அமைப்பு. ஆகவே பலகையில் ‘வளர்ப்பு’ என்று எழுதுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நன்றாக வளர்த்த இறால் நல்ல இறால்தான்.

இந்த உணவகத்தில் ஒருமுறை மட்டிக்கான வரி காலையிலேயே அடிக்கப்பட்டிருந்தது. காரணம் கேட்டேன். தண்ணீர் சரியில்லை, எடுக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள் என்றார் அதே அண்ணன். மட்டியும் சிப்பியும் தண்ணீரை வடிகட்டித்தான் சாப்பிடுகின்றன. சில நுண்பாசிகள் பெருகும் காலத்தில் அவற்றின் நஞ்சு இந்த உடல்களில் சேர்ந்துவிடும். கொதிக்க வைத்தாலும் போகாது. நரம்பைத் தாக்கி மூச்சையே நிறுத்தக்கூடிய நஞ்சும் அதில் உண்டு. அன்று என்னோடு வந்த நண்பர் மட்டிக்காகவே வந்தவர். முதலில் அவர் முகம் வாடியது. பிறகு, ‘இதைச் சொன்னதற்காகவே இங்கே திரும்ப வருவேன்’ என்றார். வந்துகொண்டும் இருக்கிறார்.

அந்த ஏழரை மணி இரவுக்குத் திரும்புகிறேன். உட்கார்ந்ததும் தங்கை, பலகையில் கோடு இழுத்துவிட்ட அந்த மீனைப் பற்றி மறுபடி ஒருமுறை கேட்டுப் பார்த்தாள்.

“இன்னிக்கு இல்லைங்க,” என்றார் அண்ணன். அவளை அவருக்கு இப்போது நன்றாகத் தெரியும். நாங்கள் சொல்வதற்கு முன்பே, “தனிப் பாத்திரம்தான், சொல்லிட்டேன்,” என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, “ஒரு மீன் இருக்கு. போர்டுல எழுதல. கொஞ்சம்தான் வந்துச்சு. முள் ஜாஸ்தின்னு யாரும் கேக்க மாட்டாங்க. நாங்க வீட்டுக்கு எடுத்துட்டுப் போறது. வேணுமா?” என்று கேட்டார்.

வேண்டும் என்றோம்.

பக்கத்து மேசைக்கு நண்டு வந்தது. உயிரோடு இருக்கும்போது நீலமும் பச்சையுமாக இருக்கிற ஓடு, வெந்ததும் இப்படிச் சிவப்பது எனக்கு எத்தனை முறை பார்த்தாலும் அதிசயம். அந்தச் சிவப்பு முதலிலிருந்தே ஓட்டுக்குள் இருக்கிறது. அஸ்டாசாந்தின் என்ற நிறமியைப் புரதம் ஒன்று இறுக்கிப் பிடித்து நீலமாகக் காட்டுகிறது; சூட்டில் அந்தப் புரதம் பிடியை விட்டதும் சிவப்பு வெளியே வருகிறது. அந்தக் குடும்பத்தில் ஐந்து பேர் ஐந்து நிமிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நண்டு சாப்பிடுகிற மேசையில் அந்த அமைதி எப்போதும் உண்டு. தங்கை அவர்களைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் கவனிக்கிறேன் என்று தெரிந்ததும், “வாசனை மட்டும் இன்னும் பிடிச்சிருக்குக்கா,” என்றாள். இவ்வளவு தூரத்தில் ஒன்றும் ஆகாதே என்று இன்னொரு தடவை நாற்காலியின் இடைவெளியைப் பார்த்துக்கொண்டேன்.

எங்கள் மீன் வந்தது. உள்ளங்கை நீளத்தில் நான்கு, தலையோடு. மேலே நசுக்கிய பூண்டு, ஓரத்தில் அரை எலுமிச்சை பிழியாமல். விரலை வைத்ததும் சதை இதழ் இதழாகப் பிரிந்து வந்தது. மீனைத் தண்ணீரே தாங்குகிறது. ஆட்டுக்குப் போல உடல் எடையைச் சுமக்கும் வலுவான இணைப்புத் திசு அதற்குத் தேவையில்லை. அதன் தசைநார்கள் குட்டையானவை, அடுக்கடுக்காக இருப்பவை. அடுக்குகளை ஒட்டியிருக்கும் மெல்லிய சவ்வு கொஞ்சம் சூட்டிலேயே கரைந்துவிடும். அதனால்தான் ஆட்டிறைச்சி வேக மணிக்கணக்கு ஆகும்போது மீனுக்குச் சில நிமிடம் போதும். அந்தச் சில நிமிடத்தில் ஒரு நிமிடம் தவறினாலும் சதை பஞ்சாகிவிடும். உள் சூடு 63 டிகிரி வந்தால் வெந்துவிட்டது என்று கணக்கு. நல்ல சமையல்காரர்கள் கொஞ்சம் முன்பே இறக்கிவிட்டு, தன் சூட்டிலேயே மிச்சம் வேகட்டும் என்று விடுவார்கள். இது அப்படி இறக்கியது. முதுகெலும்பை ஒட்டிய சதை ஈரமாக, கண்ணாடித்தன்மை அப்போதுதான் போய் வெளுத்திருந்தது.

முள் நிறையத்தான் இருந்தது. மெதுவாகச் சாப்பிட்டோம். வெளியே பெஞ்சில் ஆட்கள் காத்திருந்தார்கள். எனக்கு அவசரப்படத் தோன்றியது, ஆனால் அண்ணன் ஒருமுறைகூட எங்கள் பக்கம் பார்த்துத் துரிதப்படுத்தவில்லை. ருசி எப்படி என்று கேட்டால், முதலில் இனிப்பு. மசாலா போட்ட மீனில் அந்த இனிப்பு தெரியாது. பிறகு உப்பு, பிறகு கடைசியாக எலும்பின் பக்கத்தில் லேசான எண்ணெய்ப் பசை. எலுமிச்சையைத் தங்கை தொடவே இல்லை. கடைசி மீனின் கன்னச் சதையை நகத்தால் கீறி எடுத்து என் தட்டில் வைத்தாள். ஓட்டுடலிகளை விட்ட பிறகு அவளுக்கு மீனில் இருக்கிற ஒவ்வொரு பாகத்தின் ருசியும் எங்களையெல்லாம்விட நன்றாகத் தெரியும்.

ஒன்பதே கால் மணிக்குக் கைகழுவி வந்தபோது பலகையில் மூன்று வரிகள்தான் மிச்சம் இருந்தன. புதிதாக உள்ளே வந்தவர்களிடம் வாசலில் இருந்த பெண் அந்த மூன்றையும் வாசித்துக் காட்டி, சம்மதமா என்று கேட்டுவிட்டுத்தான் பெயரை எழுதினாள். இரண்டு பேர் வேண்டாம் என்று போனார்கள். அவள் அவர்களைத் தடுக்கவில்லை.

கிளம்பும்போது தங்கை அண்ணனிடம் கேட்டாள்: “நான் கேட்ட மீன் நாளைக்கு வருமாண்ணே?”

அவர் துண்டால் மேசையைத் துடைத்துக்கொண்டே, “தெரியலையேம்மா. வந்தா போர்டுல எழுதுவோம்,” என்றார்.